நான்கு வகை இன்மை

உதகமண்டலம்
19 ஜூலை 1974

அன்புள்ள நண்பர் அபுபக்கர் அவர்களுக்கு,

வழிக்கடவிலிருந்து நான் கொடுத்த தந்தி கிடைத்திருக்கும். நாடுகாணிச் சாலை அறுந்துபோனதால் கோழிக்கோடு, பாலக்காடு, கோயம்புத்தூர் என்று சுற்றி நேற்றுத்தான் வீடு சேர்ந்தேன். உங்கள் கடிதம் எனக்கு முன்பே வந்து கதவுக்கு அடியில் கிடந்தது. உங்கள் மருமகன் சுபுஹானைக் குறித்து நான் கண்டதைக் கூட்டாமலும் குறைக்காமலும் எழுதும்படி கேட்டிருக்கிறீர்கள். அவ்வாறே எழுதுகிறேன்.

நாம் சேர்ந்து எழுதும் நூலின் நான்காம் இயலை உங்கள் வீட்டில் பேசி முடித்த மறுநாள் காலை, கோழிக்கோட்டு நூலகத்தில் ஒரு பிரதியைப் பார்த்துவர நான் பேருந்து ஏறினேன். சுபுஹானும் அதே பேருந்தில் ஏறினார். எஸ்டேட் வேலையாக நிலம்பூர் போய் மாலையில் திரும்புவதாக அவர் வீட்டில் சொல்லிவிட்டு வந்ததை உங்கள் கடிதத்திலிருந்துதான் அறிகிறேன். என் அருகில் அமர்ந்தார். நாடுகாணி வரை பேசிக்கொண்டு சென்றோம். எஸ்டேட்டில் அலுவலர்களுக்குக் கொடுக்கும் கறுப்பு மழைக்கோட்டு அணிந்திருந்தார்.

நாடுகாணிக்குக் கீழே இறக்கத்தில் மண் சரிந்து வழியை அடைத்திருந்தது. சரிவுக்கு அப்பால் வழிக்கடவிலிருந்து வேறொரு பேருந்து வந்து நிற்பதாகவும், நடந்து கடந்து அதில் ஏறிக்கொள்ளலாம் என்றும் நடத்துநர் அறிவித்தார். எல்லாரும் சாமான்களை இறக்கிக்கொண்டோம். சுபுஹானுடைய தகரப் பெட்டி மட்டும் பேருந்தின் மேலேயே இருந்தது. அவரைக் காணவில்லை. முன்னால் சென்ற கூட்டத்தோடு கடந்திருப்பார் என்று எண்ணி நானும் கடந்தேன். அப்பால் நின்று திரும்பிப் பார்த்தேன். மூடுபனி. பேருந்துக்குப் பின்னால், மேல் வளைவில், கறுப்பு மழைக்கோட்டு அணிந்த ஓர் உருவம் கூடலூர்ப் பக்கமாக ஏறிச் சென்றுகொண்டிருந்தது. முதுகு மட்டும் தெரிந்தது. அப்போது மலை இரண்டாம் முறையாக இறங்கியது. வளைவை மூடிப் பேருந்தை வாரிக்கொண்டு போயிற்று.

அந்த உருவம் சுபுஹான் என்று நான் சொல்லவில்லை. சுபுஹான் அல்ல என்றும் சொல்லவில்லை. அத்தகைய கோட்டு இம்மலையில் பலரிடம் உண்டு. வழிக்கடவில் இருட்டும் வரை தேடினேன். அங்கும் அவர் இல்லை.

உங்கள் மகள் சுரையாவுக்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. முந்திய இரவு எனக்கு மிளகு குறைவாகத் தனியே ரசம் வைத்துக் கொடுத்த பெண் அவள்.

தங்கள்,
வேலுசாமி


786
கூடலூர்
2 ஆகஸ்ட் 1974

அன்பு மிக்க வேலுசாமி,

மண்ணை அகற்றும் வேலையை நிறுத்திவிட்டார்கள். மழை ஓய்ந்து மலை காயும் வரை அதைத் தொட முடியாதாம். பேருந்தே பள்ளத்தில் எங்கோ இருக்கிறது.

சுரையாவுக்கு இருபத்துமூன்று வயது. அவள் இன்று யார் என்பதை யாராலும் சொல்ல முடியவில்லை. காணாமல் போனவனுடைய மனைவி, அவனோடு ஒத்த வயதினர் எல்லாரும் இறக்கும் வரை அவன் மனைவியே என்பது எங்கள் பழைய நூலோர் முடிவு. நாட்டுச் சட்டம் இரக்கப்பட்டு நான்கு ஆண்டு என்கிறது. வெள்ளைக்காரன் எழுதிவைத்த சாட்சியச் சட்டத்தில் ஏழு ஆண்டு. உங்கள் சாத்திரத்தில் பன்னிரண்டு ஆண்டு காத்திருந்து தர்ப்பையில் ஓர் உருவம் செய்து எரிப்பார்கள். ஒரு மனிதன் இல்லாமற்போக எவ்வளவு காலம் ஆகும் என்பதில் கிழக்கும் மேற்கும் இப்படி வேறுபடுவதை நம் நூலில் ஓர் அடிக்குறிப்பாகப் போடலாம். போட எனக்குக் கை வரவில்லை.

நேற்று ஜமாஅத் கூடிற்று. ஒரு வழி இருக்கிறது என்றார் பள்ளிவாசல் அஜரத். அவன் மண்ணில் புதைந்ததைக் கண்டதாக நம்பத்தகுந்த ஒருவர் சொன்னால் அவனை இறந்தவனாகக் கொள்ளலாம். சுரையா இத்தா இருப்பாள். கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருந்து துக்கம் காப்பது அது. அதன்பின் அவள் வாழ்வு அவளுடையது. சாட்சி நம்மவராக இருக்க வேண்டாமா என்று ஒருவர் கிளப்பினார். அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அஜரத் அடக்கிவிட்டார். மளிகைக் கடைக் காஜா மைதீன்தான் எழுந்து, "ஊட்டி வாத்தியாரு எழுதிக் குடுத்தாப் போதுமுங்க. எங்கூட்டுச் செவுரு நேரா இருக்குதான்னு பாக்கோணும்னா அவரைத்தான் கூட்டியாந்து பக்கத்துல நிறுத்தோணும்" என்றார். சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன்.

உங்களிடம் நான் வேண்டுவது ஒரே வாக்கியம்: மேல் வளைவில் சென்றவன் சுபுஹான், மண் அவனை மூடக் கண்டேன். அவ்வளவுதான்.

உங்கள்,
அபுபக்கர்


உதகமண்டலம்
9 ஆகஸ்ட் 1974

அன்புள்ள நண்பருக்கு,

அந்த வாக்கியத்தை எழுத என்னால் இயலாது.

கல்லூரியில் மெய்யியல் படிக்க வரும் மாணவருக்கு இருபத்தைந்து ஆண்டுகளாக முதல் வகுப்பில் நான் சொல்வது ஒன்றே: கண்டதையும், கண்டதிலிருந்து கருதியதையும் ஒரே வினைச்சொல்லால் எழுதாதே. நான் கண்டது ஒரு முதுகு. "சென்றவன் சுபுஹான்" என்பது கண்டது அன்று.

நம் நூலையே சான்றாகக் கொள்ளுங்கள். நான் எழுதும் பாதியில், மேற்கு மரபு பிறர் சொல்லை அறிவாக ஏற்கத் தயங்குகிறது; ஒவ்வொருவனும் தானே காண வேண்டும், தானே ஐயுற வேண்டும் என்கிறது. நீங்கள் எழுதும் பாதியில், ஆப்தன் எனப்படும் நம்பத்தகுந்தவனின் சொல் காட்சிக்கு நிகரான தனி அளவை. நம் பக்கத்தார் ஒருவர் சொன்னால் நம்பிவிடுகிறார்கள் என்று மேற்கத்தியர் இகழும்போது, இல்லை, யார் சொன்னால் நம்பலாம் என்பதற்கு எங்களிடம் கடுமையான வரையறை உண்டு என்று நீங்கள்தானே வாதாடினீர்கள்? என் சொல்லை அளவையாகக் கொள்ளக் காத்திருக்கும் ஒரு சபையிடம் நான் கருதியதைக் கண்டதென்று கொடுத்தால், முதலில் விழுவது உங்கள் மரபுதான்.

சுரையாவின் நிலை எனக்கு விளங்காமல் இல்லை. விளங்குவதால்தான் இதை எழுத மூன்று தாள்களைக் கிழித்தேன்.

தங்கள்,
வேலுசாமி


786
கூடலூர்
20 ஆகஸ்ட் 1974

வேலுசாமி அவர்களுக்கு,

நாம் மாணவர்களாக இருந்தபோது, யார் எந்த மெய்யியல் படிப்பது என்று பேராசிரியர் சீட்டெழுதிக் குலுக்கிப் போட்டார். காங்கேயத்துக் கவுண்டர் வீட்டுப் பிள்ளைக்குக் கிரேக்கமும் ஜெர்மனியும் விழுந்தன. ராவுத்தர் வீட்டுப் பிள்ளைக்கு நியாயமும் மீமாம்சையும் விழுந்தன. மாற்றிக்கொள்கிறீர்களா என்று கேட்டார். வேண்டாம் என்றோம். இப்போது நான் கடைவீதியில் மிளகு எடை போட்டபடி நியாயம் படிக்கிறேன். நீங்கள் உங்கள் சீட்டாகவே மாறிவிட்டீர்கள்.

உங்கள் மனைவி தங்கமணி அம்மாள் காலமானபோது நீங்கள் கண்ணீர் விடவில்லை. மூன்றாம் நாள் வகுப்புக்குப் போனீர்கள். துயரம் என்பது தவறான தீர்ப்பு என்று சொன்ன அந்த ஸ்டோயிக்குகளை நேரில் கண்டது போல அன்று நான் பெருமைப்பட்டேன். இப்போது அச்சமாக இருக்கிறது.

சரி, வாதத்துக்கே வருகிறேன். உங்கள் கிரேக்கர்கள் இல்லாததைப் பற்றிப் பேசவே முடியாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எங்கள் நியாய நூலார் திருப்பிக்கொள்ளவில்லை. இன்மையும் ஒரு பொருள் என்றார்கள். அதை நான்காகப் பிரித்தார்கள். வனைவதற்கு முன் குடம் இல்லாமை ஒன்று. உடைந்தபின் இல்லாமை ஒன்று. குடம் துணியாக இல்லாமை ஒன்று. வேறெங்கோ குடம் இருந்தாலும் இந்தத் தரையில் இல்லாமை ஒன்று. என் வீட்டில் இருப்பது இரண்டாவதா, நான்காவதா? ஜமாஅத் கேட்பதும் இதுதான். என் மகள் கேட்காமல் கேட்பதும் இதுதான்.

விடை காணும் வழியையும் அவர்களே சொன்னார்கள். இருந்தால் கண்டிருப்போம். காணவில்லை. ஆதலால் இல்லை. காணத்தக்க பொருளாயின் காணாமையே அறிவு. சுபுஹான் உயிரோடு இருந்தால் இந்த வீட்டுக்கு வந்திருப்பான். வரவில்லை. இதில் எந்தப் படி உங்களுக்கு இடறுகிறது?

அபுபக்கர்


உதகமண்டலம்
2 செப்டம்பர் 1974

அன்புள்ள நண்பருக்கு,

தங்கமணியைப் பற்றி எழுதியிருக்க வேண்டாம். அவள் இறந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். கைகளை எடுத்து நெஞ்சின்மேல் வைத்தது நான். ஐயத்துக்கு இடமே இல்லாத ஓர் இறப்பு அது. வகுப்புக்குப் போனேன், ஏனெனில் அன்று வகுப்பு இருந்தது.

உங்கள் வாதத்தில் எனக்கு இடறும் படியைச் சொல்கிறேன். காணாமையே அறிவு என்பது, பொருள் காணத்தக்கதாக இருந்தால் மட்டுமே. இருட்டறையில் குடம் தெரியவில்லை என்றால் குடம் இல்லை என்று ஆகாது. வெளிச்சம் இருக்க வேண்டும் என்ற அந்த நிபந்தனையை உங்கள் நூலாரே விதித்தார்கள். "உயிரோடு இருந்தால் வந்திருப்பான்" என்பது அந்த வெளிச்சம். அதை நான் ஏற்க இயலவில்லை.

தங்கள்,
வேலுசாமி


786
கூடலூர்
7 செப்டம்பர் 1974

வேலுசாமி,

ஏன் ஏற்க இயலவில்லை?

கூடலூரிலிருந்து நாடுகாணி வரை பேசிக்கொண்டு சென்றதாக முதல் கடிதத்தில் எழுதினீர்கள். பேசியதை எழுதவில்லை. கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன் என்று தொடங்கியவர் நீங்கள்.

அவன் என்ன சொன்னான்?

அபுபக்கர்


உதகமண்டலம்
25 செப்டம்பர் 1974

அன்புள்ள நண்பருக்கு,

இந்தத் தாமதம் சோம்பலால் அன்று.

சுபுஹான் என்னிடம் ஒன்றைச் சொன்னார். யாரிடமும் சொல்வதில்லை என்று வாக்குக் கேட்டார். அது இன்னதென்று தெரியுமுன்பே நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். நம் வீட்டுப் பிள்ளை கேட்கிறாரே என்று கொடுத்தேன்.

இப்போது என் நிலையைப் பாருங்கள். அவர் இறந்திருந்தால், வாக்குப் பெற்றவர் இல்லாததால் நான் சொல்லலாம் என்று ஒருவர் வாதிடலாம். ஆனால் இறந்திருந்தால் அதைச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. அவர் உயிரோடு இருந்தால் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் அப்போது வாக்கு என்னைக் கட்டுகிறது. சொல்லக்கூடிய போது தேவையில்லை. தேவையான போது கூடாது. நான் பயின்ற தர்க்கம் எதுவும் இதிலிருந்து வெளியேற வழி காட்டவில்லை. கடமையை விளைவு பார்த்து அளக்கலாகாது என்ற மேற்கின் கட்டளையை எத்தனையோ முறை பலகையில் எழுதியிருக்கிறேன். பலகையில் அது எளிதாக இருந்தது.

ஒன்று மட்டும் சொல்கிறேன். மேல்நோக்கி ஏறிச் சென்ற அந்த முதுகை அவருடையதென்று நான் கொள்ளத் தயங்குவது மூடுபனியால் மட்டும் அன்று. இதுவரை எழுதியதே மிகுதி.

தங்கள்,
வேலுசாமி


786
கூடலூர்
4 அக்டோபர் 1974

வேலுசாமி அவர்களுக்கு,

எனக்குப் புரிந்தது என்று நான் சொல்லவில்லை. புரியவில்லை என்றும் சொல்லவில்லை. இப்படி எழுத உங்களிடம்தான் கற்றேன்.

நீங்கள் எழுதிய இயல்களைத் தனிப் பொட்டலமாக அனுப்பியிருக்கிறேன். என் பாதி என்னிடம் இருக்கட்டும்.

வளையல் போடலாமா கூடாதா என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் சுரையாவிடமே கேட்கிறார்கள். கலியாண வீட்டுக்கு அழைக்கலாமா என்று என்னிடம் கேட்கிறார்கள். உங்கள் சுவர் நேராக நிற்கிறது. அதன் இந்தப் பக்கம் நாங்கள் இருக்கிறோம்.

பதில் எழுத வேண்டாம்.

அபுபக்கர்


உதகமண்டலம்
12 ஜனவரி 1975

அன்புள்ள நண்பருக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். பதிலாக இதை எழுதவில்லை, ஆதலால் உங்கள் சொல்லை மீறியதாகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வலுவற்ற வாதம்.

இங்கு உறைபனி. குதிரைப் பந்தயத் திடல் காலையில் வெள்ளையாகக் கிடக்கிறது. கல்லூரி முடிந்து வந்தால் பேச ஆள் இல்லை. கதவுக்குப் பின்னால் உள்ள ஆணியில் தங்கமணியின் கம்பளிச் சால்வை தொங்கிக்கொண்டிருந்தது. ஆறு ஆண்டுகளாக அதை நான் கண்டதே இல்லை. சென்ற வாரம் வீட்டு வேலைக்கு வரும் அங்கம்மா அதைத் துவைக்க எடுத்தாள். வெறும் ஆணியைக் கண்டு வாயிலிலேயே நின்றுவிட்டேன். "ஏனுங்க சார், உடம்புக்கு ஆகலீங்களா?" என்று கேட்டாள். மழைக் குளிர் என்றேன். மழை பெய்யவில்லை.

இன்மையைக் கண் நேராகவே காண்கிறது என்ற உங்கள் நூலாரின் கொள்கையை நம் மூன்றாம் இயலில் நான் மறுத்திருந்தேன். அந்த மறுப்பைத் திரும்பப் பெறுகிறேன். இதைச் சொல்லவே எழுதினேன்.

சுரையா நலமா என்று கேட்க எனக்கு உரிமை இல்லை.

வேலுசாமி


786
கூடலூர்
20 பிப்ரவரி 1975

வேலுசாமி அவர்களுக்கு,

சுபுஹான் கிடைத்துவிட்டான்.

சாலை போட மண்ணை வெட்டியவர்கள் கண்டார்கள். மழைக்கோட்டு அப்படியே இருந்தது. அதன் பையில் நெல்லியாளம் எஸ்டேட் அலுவலகத்துச் சாவிக்கொத்து. மேலாளர் வந்து சாவிகளைப் பார்த்துச் சொன்னார். நான் மற்றதைப் பார்த்துச் சொன்னேன். அன்று மாலையே அடக்கம் செய்தோம்.

கிடைத்த இடம் மேல் வளைவு. நீங்கள் எழுதிய அதே இடம். பேருந்தை வெகு கீழே, ஓடையருகே, தகடாக எடுத்தார்கள்.

இத்தா எப்போது தொடங்க வேண்டும் என்று அஜரத்திடம் கேட்டேன். தாடியைத் தடவிக்கொண்டே, இத்தா இறந்த நாளிலிருந்து கணக்கு, செய்தி வந்த நாளிலிருந்து அன்று என்றார். நவம்பர் மாதமே அது முடிந்துவிட்டதாம். அவள் துக்கம் காக்க வேண்டிய நாட்களெல்லாம், அவன் வருவானா என்று சன்னலைப் பார்த்தபடி, கையில் வளையலோடு கழிந்துவிட்டன. சட்டப்படி அவளுக்கு இப்போது கடமை ஒன்றும் இல்லை. இதை அவளிடம் சொன்னேன். வளையல்களைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, "சட்டத்துக்கு முடிஞ்சிருக்கலாமுங்க, அத்தா. நான் இன்னிக்குத்தான் உக்காருறேன்" என்று உள்ளே போய்விட்டாள்.

உங்களுக்கு எழுதுவதில்லை என்றிருந்தேன். எழுதுவது அவளுக்காக. நேற்று இத்தா இருக்கும் அறைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள்: "வேலுசாமி மாமாகிட்டக் கேளுங்கத்தா. கடைசியா என்ன பேசிட்டு வந்தாருன்னு மட்டும்." இப்போது உங்கள் வாக்கைப் பெற்றவன் இல்லை. தேவையும் இருக்கிறது. உங்கள் தர்க்கத்தில் இப்படி ஒரு நிலை வரும் என்று நீங்கள் எழுதவில்லை.

உங்கள் கடிதத்தை அவளுக்கு நான்தான் படித்துக்காட்ட வேண்டும். கண் சரியில்லாததால் அல்ல; அவள் அப்படிக் கேட்டிருக்கிறாள்.

அபுபக்கர்


உதகமண்டலம்
3 மார்ச் 1975

அன்புள்ள நண்பருக்கும், சுரையாவுக்கும்,

அன்று சுபுஹான் என்னோடு பேசியவற்றைக் கீழே எழுதுகிறேன்.

பேருந்து கிளம்பியதும், மாலைக்குள் திரும்பிவிட வேண்டும் என்றார். மழை இப்படியே பெய்தால் திரும்பும் பேருந்து நாடுகாணியில் நின்றுவிடுமோ என்று கவலைப்பட்டார். நின்றால் நடந்தே வந்துவிடுவேன், வீட்டில் சுரையா விளக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்றார். முந்திய இரவு எனக்குத் தனியாக ரசம் வைத்ததைச் சொல்லி, அவளுக்கு யார் என்ன சாப்பிடுவார்கள் என்பது ஒருமுறை பார்த்தால் போதும் என்றார். அதைச் சொல்லும்போது சிரித்தார்.

அவர் கேட்ட வாக்கு, நிலம்பூரில் சுரையாவுக்கு ஒரு பட்டுச் சேலை வாங்க எண்ணியிருந்ததைப் பற்றியது. முன்கூட்டியே தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகக் கேட்டார். இவ்வளவு சிறியதொன்றை நான் இத்தனை மாதம் பெரிதாக்கி உங்களை வருத்தினேன். விதியைக் கடைப்பிடிப்பவனுக்கு எது சிறிது, எது பெரிது என்று தெரிவதில்லை.

முதல் கடிதத்தில் ஒரு தகரப் பெட்டியைக் குறிப்பிட்டிருந்தேன். அதைக் குறித்து ஐயம் எழ வேண்டாம். எஸ்டேட்டிலிருந்து நிலம்பூர் வியாபாரி ஒருவருக்குக் கொடுத்தனுப்பிய தேயிலை மாதிரிகள் அதில் இருந்தன. அவரே என்னிடம் சொன்னார்.

வழி அடைபட்டதைக் கண்டதும் வேலை கிடக்கட்டும் என்று வீட்டுக்குத் திரும்பி நடந்திருக்கிறார். மேல் வளைவில் நான் கண்ட முதுகு அவருடையதுதான். கண்டேன் என்றே இப்போது எழுதுகிறேன்.

தங்கள்,
வேலுசாமி


786
கூடலூர்
15 மார்ச் 1975

அன்பு மிக்க வேலுசாமி,

உங்கள் கடிதத்தைச் சுரையாவுக்குப் படித்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நாற்காலியில் நான். ரசத்தைப் படித்தபோது அழுதாள். சேலையைப் படித்தபோது அழுகை நின்றுவிட்டது. பெட்டியைப் படித்தபோது நானே நிறுத்திவிட்டேன். "படிங்கத்தா" என்றாள். படித்து முடித்தேன்.

நண்பரே, அது அவளுக்குக் கலியாணச் சீராகக் கொடுத்த பெட்டி. மூடியில் மயில் வரைந்தது. கோயம்புத்தூரில் நான் வாங்கியது. அவர்கள் அறையில் கட்டிலுக்கடியில் இருக்கும். தந்தி வந்த அன்று அவனுடைய சட்டை ஏதாவது கிடைத்தால் தேடுகிறவர்களுக்கு அடையாளம் சொல்லலாமே என்று அந்த அறைக்குள் போய்க் குனிந்தேன். சிவப்புச் சிமெண்டுத் தரையில் பெட்டி இருந்த இடம் மட்டும் நீள்சதுரமாக, பளபளப்புக் குறையாமல் இருந்தது. குடம் இல்லாத தரையைக் கண் காண்கிறதா, கருதுகிறதா என்று முப்பது ஆண்டாக எழுதிக்கொண்டிருப்பவன் நான். அன்று கண்டேன். உங்கள் முதல் கடிதத்தில் பேருந்தின் மேல் அந்தப் பெட்டி இருந்ததைப் படித்தபோது எனக்குப் புதிதாக ஒன்றும் தெரியவரவில்லை.

உயிரோடு இருந்தால் வந்திருப்பான் என்று உங்களிடம் அவ்வளவு உரக்க வாதாடியது அதனால்தான். என் மகளை விட்டுவிட்டுப் போனவனுடைய மனைவியாக வைத்திருப்பதைவிட, இறந்தவனுடைய மனைவியாக ஆக்கிவிடத் துடித்தேன். அதற்கு உங்கள் நேர்மை தேவைப்பட்டது. நீங்கள் கொடுக்காதபோது வெறுத்தேன்.

அவள் பெட்டியைக் கவனிக்கவில்லை என்று நான் நினைத்திருந்தேன். நான் கவனிக்கவில்லை என்று அவள் நினைத்திருந்தாள். எட்டு மாதம் இருவரும் அந்த அறைப் பக்கமே பேச்சைக் கொண்டுபோகவில்லை. தினமும் தரையைத் துடைத்தவள் அவள்தான்.

கடிதத்தை மடித்து வைத்தேன். கதவுக்கு அந்தப் பக்கமிருந்து அவள் சொன்னாள்: "மாமாவுக்குப் பொய் சொல்லவே வரலீங்கத்தா."

ஆமாம் என்றேன்.

ஆப்தன் யார் என்பதற்கு நம் நான்காம் இயலில் வரையறை எழுதியிருக்கிறேன்: பொருளை உள்ளபடி அறிந்தவன், அறிந்ததைப் பிறர் நன்மைக்காகச் சொல்ல விரும்புகிறவன். இந்த இரண்டும் ஒன்றோடொன்று மோதினால் என்ன செய்வது என்று அதில் இல்லை. சாலை திறந்துவிட்டார்கள். உங்கள் பாதியை எடுத்துக்கொண்டு ஒருநாள் வாருங்கள், அந்தப் பத்தியைச் சேர்ந்து பார்ப்போம். அவன் உண்மையில் உங்களிடம் என்ன சொன்னான் என்பதை மட்டும் சொல்லாதீர்கள். வாக்கு உங்களிடமே இருக்கட்டும்.

இன்று காலை தேநீர் கொண்டுவந்தாள். இத்தாவில் இருப்பவள் அடுப்படி தாண்டி வருவதில்லை என்று நானே வாங்கிக்கொள்ள எழப் போனேன். அவள் தம்ளரை விடாமல் நின்றாள்.

"பெட்டிய எடுத்துக்கிட்டுத்தான் போனாரு. அது எனக்கு அன்னிக்கே தெரியுமுங்க," என்றாள். "ஆனா பெட்டி பஸ்ஸோட கீழ ஓடைக்குத்தான் போச்சு. அவரு மேல் வளைவுலதானுங்களே கெடச்சாரு? மேல ஏறித்தானே வந்துட்டு இருந்தாரு?"

அந்த அனுமானத்தில் ஒரு படி குறைகிறது. மழைக்கு ஒதுங்க ஏறியிருக்கலாம். கால் போன திசையில் போயிருக்கலாம். நான் கேட்கவில்லை, வேலுசாமி. நீங்கள் வரும்போது நீங்களும் கேட்க வேண்டாம்.

உங்கள்,
அபுபக்கர்